ஒரு கேன் குறைகிறது

முப்பது வருடமாக மரத்துக்குப் பாலிஷ் போட்டும் சேக் மைதீனுக்கு ஸ்பிரிட் வாசனை பழகவே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகுமுன் இரண்டு தடவை குளிப்பார். நகக்கண்ணில் ஒட்டிய அரக்கைச் சுரண்டி எடுத்து, சட்டை மாற்றி, அத்தர் தடவிக்கொண்டுதான் கிளம்புவார். அப்படியும் பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர் மூக்கைச் சுளிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனால் அந்த வாடை உடம்பை விட்டுப் போனதும் இல்லை.

உறையூரில் பாண்டமங்கலம் போகிற வழியில் அவருடைய பட்டறை இருந்தது. ஒரு தகரக் கொட்டகை, அவர், வேலைக்கு அம்மாசி. அவ்வளவுதான். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் தோய்த்து, தேக்கின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஸ்ரீரங்கத்து வீடுகளில் ஊஞ்சலும் வாசல் கதவும் பழைய பீரோவும் எப்போதும் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தன. மைதீன் பாய் கை பட்டால் மரத்தில் முகம் தெரியும் என்று பெயர் வாங்கியிருந்தார்.

ஆனால் மனுஷன் பயந்த சுபாவம். ஹெல்மெட் தலையில் இருக்கும், வண்டிக் காகிதமெல்லாம் பெட்டிக்குள் இருக்கும். இருந்தாலும் தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் அவருடைய டிவிஎஸ்ஸின் வேகம் தானாகக் குறைந்துவிடும். “நீங்க என்ன திருடிட்டா வர்றீங்க?” என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி சபுரா கேட்பாள். அவர் பெட்டியைத் தொட்டுக் காகிதம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்வார்.

பாலிஷ் போடுகிற ஸ்பிரிட்டை மளிகைச் சாமான் மாதிரி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே விஷம் கலந்து வருகிற சரக்கு அது. அதை வாங்கவும் வைத்திருக்கவும் கலெக்டர் ஆபீஸில் மதுவிலக்குப் பிரிவு கொடுக்கும் லைசென்ஸ் வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பூட்டி வைக்க வேண்டும். கரைத்துவைத்த அரக்குப் பாலிஷையே குடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதால் அதற்கும் சேர்த்துத்தான் சட்டம். மைதீன் இத்தனை வருடமும் இதில் ஒரு குறை வைத்ததில்லை. யாரோ கேட்டுவிடுவார்கள் என்ற பயமே அவரைச் சரியாக நடத்திக்கொண்டு போனது.

அந்த வருடம் மட்டும் தவறிப்போயிற்று. சபுராவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் லைசென்ஸ் காலாவதியானது அவருக்கு நினைவுக்கே வரவில்லை. நினைவு வந்தபோது, ‘இவ்வளவு நாள் ஏன் வரலை’ என்று கேட்பார்களே என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதே புதுப் பயமானது. அந்தப் பயத்தில் இன்னும் தள்ளிப்போட்டார். சரக்கு தரும் கடைக்காரர் பழகியவர், காகிதம் கேட்கவில்லை. கேன்கள் வந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் வடக்கே ஒரு மாவட்டத்தில் விஷச்சாராயம் குடித்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

அன்று காலை மைதீன் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வக்கீல் வெங்கட்ராகவன் வீட்டில் ஊஞ்சல் பலகைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் டி.வி. ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

வெங்கட்ராகவன் காபி டம்ளரோடு வந்து நின்றார். “பார்த்தேளா மைதீன்? மெத்தனாலாம். பொழச்சவாளுக்கும் கண்ணு போயிடறதாம்.”

“பாத்தேங்க சார். பாவம்.”

“இனிமே ஊர் ஊரா ஸ்பிரிட் வச்சிருக்கறவா எல்லாரையும் குடைஞ்சு எடுத்துடுவா. சட்டத்தையும் கடுமையாக்கப் போறதா பேசிக்கறா. ஆயுள் தண்டனை வரைக்கும் போகும்ங்கறா. உங்க லைசென்ஸ் எல்லாம் சரியா இருக்கோல்லியோ?”

மைதீன் குனிந்தபடி பஞ்சை அழுத்தித் தேய்த்தார். “இருக்குங்க சார்.”

பலகையில் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்ததை அவரே கவனித்து நிறுத்தினார். “அரக்கு பத்தல, பட்டறைக்குப் போயிட்டு வந்துர்றேன் சார்” என்று வண்டியை எடுத்தார். வரும் வழியெல்லாம் ஒரே யோசனைதான். இருக்கிற ஸ்பிரிட்டை எல்லாம் சாக்கடையில் ஊற்றிவிட வேண்டும். காலிக் கேன்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட வேண்டும். யாராவது வருவதற்குள்.

பட்டறைக்கு வந்து உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார். இரும்பு அலமாரியைத் திறந்தார். நீலக் கேன்கள் வரிசையாக இருந்தன. முன்வரிசையில் ஓரத்தில், தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு கேன் இல்லை.

மைதீன் முதலில் தன் கண்ணை நம்பவில்லை. மேல்தட்டைப் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார், உப்புத்தாள் கட்டுகளைப் புரட்டினார். எங்கும் இல்லை. பூட்டு உடைந்திருக்கவில்லை. சாவி ஒன்று அவர் இடுப்பில். இன்னொன்று சுவரில் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது அவரையும் அம்மாசியையும் தவிர யாருக்கும் தெரியாது.

அம்மாசி முந்தாநாள் ஊருக்குப் போயிருந்தான். லால்குடிக்கு அந்தப்பக்கம் அவன் ஊர். மாரியம்மன் திருவிழா. “காப்புக் கட்டியாச்சு பாய், நாலு நாளைக்கு வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பெரிய பையோடு கிளம்பினான். அம்மாசி நல்ல வேலைக்காரன். பன்னிரண்டு வருடமாகக் கூட இருக்கிறான். ஆனால் சாயங்காலம் ஆனால் அவனுக்கு ஒயின்ஷாப்பு போயே ஆக வேண்டும். அவன் ஊரில் இருந்த மதுக்கடையைப் பெண்கள் மறியல் செய்து மூட வைத்துவிட்டார்கள் என்று அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். “அப்ப திருவிழாவுக்கு என்னடா பண்ணுவீங்க?” என்று மைதீனே ஒருநாள் கேட்டிருக்கிறார். “சந்துக்கடை இருக்கு பாய். ரேட்டுதான் கூட” என்றான்.

சாவுகளுக்குப் பிறகு போலீஸ் திருட்டுச் சரக்கு விற்கிற சந்துக்கடைகளை எல்லாம் ஒரே இரவில் துடைத்துப்போட்டிருந்தது. அதுவும் டி.வி.யில் வந்தது.

மைதீனின் மனத்தில் இரண்டும் இரண்டும் நாலாயின. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாசியின் நம்பரை அழுத்தினார். சுவிட்ச் ஆஃப். மறுபடி அழுத்தினார். சுவிட்ச் ஆஃப். டி.வி.யில் பார்த்த பெண்களின் முகங்கள் லால்குடிப் பக்கத்துப் பெண்களின் முகங்களாக மாறின. பாய் வரிசையாக விரித்து, அதில் வரிசையாக ஆண்களைக் கிடத்தியிருப்பது போலத் தெரிந்தது. அந்த வரிசையின் தலைமாட்டில் ஒரு நீலக் கேன்.

வீட்டுக்குப் போய்ச் சபுராவிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

“நீங்க எங்கயும் போகக் கூடாது” என்றாள் முதல் வார்த்தையாக.

“யாராவது குடிச்சிட்டா சபுரா?”

“நீங்களா குடிங்கன்னு குடுத்தீங்க? அவன் திருடிட்டுப் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அங்க போய் நின்னா, பாய் சாராயம் வித்தான்னுதான் போடுவாங்க. லைசென்ஸும் இல்ல. யாரு நம்புவா நம்மள? மன்னார்புரத்துல மகள குடுத்துருக்கோம். சம்பந்தி வீட்டுல என்னன்னு மூஞ்சி காட்டுறது?” அவள் குரல் உடைந்தது. “அல்லாவே, ஆபரேஷன்லயே நான் போயிருக்கலாம்.”

அவள் சொன்னது எதிலும் தவறு இல்லை என்பதுதான் மைதீனை இன்னும் பயமுறுத்தியது. வெங்கட்ராகவனுக்குப் போன் செய்தார். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. லைசென்ஸ், கேன், அம்மாசி, எல்லாவற்றையும் சொன்னார்.

“மைதீன், நான் சொல்றதை நன்னா கேட்டுக்கோங்கோ. நீங்க அந்த ஊருக்குப் போகப்படாது. நேரா ஸ்டேஷனுக்கும் போகப்படாது. மத்தியானம் என் ஆத்துக்கு வாங்கோ. திருட்டுப் போயிடுத்துன்னு ஒரு புகார் எழுதித் தரேன். முறைப்படி குடுப்போம். எதையும் வாயால சொல்லப்படாது, யார்ட்டயும்.”

“மத்தியானம் வரைக்கும் ஆகுமேங்க சார்.”

“ஆகட்டுமே. உங்களைக் காப்பாத்தறதுக்கு எனக்கு அவ்வளவு நேரம் வேணும்.”

மைதீன் சரி என்றார். போனை வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வண்டியைக் கிளப்பும்போதுகூட அவருக்கே தெரியாது, எங்கே போகப்போகிறோம் என்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பவேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. கொள்ளிடப் பாலத்தில் ஏறிவிட்டார்.

டோல்கேட்டில் சிக்னலுக்கு நின்றபோது, லால்குடி ரோட்டிலிருந்து ஒரு 108 ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து திருச்சிப் பக்கம் போயிற்று. சிக்னல் மாறியதை மைதீன் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரத்து டீக்கடைக்குப் போய் நின்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். திரும்பிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. கேன் மேல் அவர் பெயரா எழுதியிருக்கிறது? அம்மாசி சொன்னால்தான் உண்டு. அம்மாசியே குடித்திருந்தால் சொல்வதற்கு அவனும் இருக்க மாட்டான்.

இந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு வண்டியை உதைத்தார்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே குழாய் ஸ்பீக்கரின் பாட்டு வயல்களைத் தாண்டி வந்தது. வாழை கட்டிய பந்தல், வேப்பிலைத் தோரணம், மஞ்சள் சேலையில் பால்குடம் எடுத்த பெண்கள். பந்தல் வாசலில் பந்தோபஸ்துக்கு வந்த எஸ்.ஐ. ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மைதீன் அவரைப் பார்க்காதவர் போலக் கோயில் பக்கமாக நடந்தார். ஊர் அமைதியாக இருந்தது. யாரும் அழவில்லை. யாரும் செத்திருக்கவில்லை. நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் அசைந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில் வாகனக் கொட்டகை. எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மரக்குதிரை வாகனம் தேன் நிறத்தில் மின்னியது. அவர் பட்டறையில் கரைக்கிற அரக்கின் நிறம். குதிரையின் கழுத்தைத் துணியால் துடைத்தபடி அம்மாசி நின்றான்.

“பாய்!” அம்மாசி துணியைக் கீழே போட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “தப்புதான் பாய். வந்து சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சாமி வாகனம் நெறம் செத்துப்போயி கெடந்துச்சு. ஒங்ககிட்ட சாமி காரியத்துக்குக் கேக்க சங்கடமா இருந்துச்சு. கூலில புடிச்சுக்கங்க.”

மைதீன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். “பாலிஷ் போடத்தான் எடுத்தியா? அட நாசமாப் போறவனே! குடிக்க இல்லயா?”

“ஸ்பிரிட்டயா? நான் என்ன பைத்தியமா பாய்? அதுல பாதிகூடச் செலவாகல. மிச்சம் அந்தா அந்தச் சாக்குக்குப் பின்னாடி வச்சிருக்கேன்.”

“எடு. இப்பவே எடு.”

அம்மாசி சாக்கை விலக்கினான். அங்கே ஒன்றும் இல்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாசியின் முகம் வெளிறுவதை மைதீன் கண்ணால் பார்த்தார். “நேத்து சாயந்தரம் இருந்துச்சு பாய்” என்றான், குரல் வெளியே வராமல். “பயலுவ ரெண்டு மூணு பேரு வந்து பாத்துட்டு நின்னானுவ. சரக்கு எங்கயும் கெடைக்கலன்னு பொலம்பிக்கிட்டு இருந்தானுவ. வாசனைய மோந்துட்டு, என்ன மாமா இது, சாராயம் மாதிரி இருக்கேன்னாங்க. வெசம்டான்னு சொன்னேன். சிரிச்சானுவ.”

“யாருடா அவங்க?”

“இருட்டுல சரியாப் பாக்கல பாய். நம்ம தெரு, மேலத்தெரு, எல்லாம் கலந்து...”

மைதீன் பந்தலுக்கு ஓடினார். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மைக் பக்கத்தில் நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கத் தயாராக நின்றார். அவரிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார்.

“பாய், என்ன பேசுறீங்க? திருவிழா நேரத்துல அபசகுனமா.” அவர் சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஊரு பேரு கெட்டுப்போயிரும். நாங்க ரகசியமா விசாரிக்கிறோம். நீங்க கெளம்புங்க.”

“ரகசியமா விசாரிக்க நேரம் இல்லைங்க. இப்ப ஒருத்தன் டம்ளர்ல ஊத்திக்கிட்டு இருந்தா?”

“எஸ்.ஐ. உக்காந்திருக்காரு. பாத்துப் பேசுங்க.”

எஸ்.ஐ. உட்கார்ந்திருப்பது மைதீனுக்குத் தெரியும். இருபது முப்பது அடியில் இருந்தார். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன் வந்த அந்த ஒரு நொடி மௌனத்தில் மைதீன் கமிட்டிக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“என் பேரு சேக் மைதீன்” என்றார். அவர் குரல் எட்டுத் திசைக்கும் போய்த் திரும்பி வந்தது. அதைக் கேட்டு அவரே மிரண்டார். “உறையூருல பாலிஷ் பட்டறை வச்சிருக்கேன். அம்மாசி என்கிட்டதான் வேலை பாக்குறான். வாகனக் கொட்டகையில இருந்து ஒரு நீலக் கேன் காணோம். அது என்னோட ஸ்பிரிட்டு. அது சாராயம் இல்ல, வெசம். சோடா கலந்தாலும் வெசம், தண்ணி கலந்தாலும் வெசம். டி.வி.ல காட்டுறாங்களே, அந்தச் சாவு வரும். குடிக்காதீங்க. தயவுசெஞ்சு குடிக்காதீங்க. நேத்தே குடிச்சவங்க இருந்தா, ஒண்ணும் செய்யலன்னு நெனைக்காதீங்க. மறுநாள்தான் காட்டும். தலைவலி வரும், கண்ணு மங்கும். அப்படி யாராவது வீட்டுல படுத்திருந்தா ஒடனே தூக்கிட்டு வாங்க. உங்க மேல கேசு வராது. எங்கிட்ட லைசென்ஸ் இல்ல, கேசு என் மேலதான். வாங்க. ஓடியாங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “பாய் நம்ம சரக்கக் கெடுக்க வந்துட்டாருடோய்” என்று ஒரு குரல் வந்தது. எஸ்.ஐ. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மைதீன் அவரைப் பார்த்துக்கொண்டே அதையே மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுதார்.

முதலில், மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து இரண்டு பேர் தள்ளாடி வந்தார்கள். அப்போதுதான் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்திருந்தார்கள். ஒருவன் கையில் நீலக் கேன். பயத்தில் அவனுக்குப் போதையே தெளிந்திருந்தது. “சாவமாட்டோமுல்ல? சாவமாட்டோமுல்ல?” என்று மைதீனின் சட்டையைப் பிடித்துக் கேட்டான்.

அதற்குப் பிறகு மேலத்தெருக் கோடியிலிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். வள்ளிக்கண்ணு. அவளுடைய தோளில் கையைப் போட்டபடி அவள் மகன் அஜித். டிராக்டர் ஓட்டுகிறவன், வாட்டசாட்டமான ஆள். வெயிலில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். ஆனால் பாதையில் கிடந்த கல்லில் இடறி விழுந்தான்.

“காலையில இருந்து தலைவலின்னு படுத்துருக்கான்யா” என்று அவள் மைதீனின் முன்னால் மகனை உட்கார வைத்தாள். “வாந்தி எடுத்தான். எல்லாம் வெள்ளையாத் தெரியுது, புகையாத் தெரியுதுங்குறான். வெயிலு அடிச்சிருக்கும்னு மோரு கரைச்சிக் குடுத்தேன். அய்யோ, மோரு கரைச்சிக் குடுத்தேனே!”

எஸ்.ஐ. அதற்குள் 108க்குச் சொல்லிவிட்டார். அது வரும்வரை காத்திருக்காமல் கமிட்டிக்காரருடைய காரிலேயே அஜித்தை ஏற்றினார்கள். மற்ற இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றிக் கூடவே அனுப்பினார் எஸ்.ஐ. எல்லாம் நகர்ந்த பிறகு மைதீனிடம் வந்தார். அவர் கத்தவில்லை, கையை ஓங்கவும் இல்லை.

“பாய், மைக்க அவர்கிட்ட குடுத்துருங்க. என்கூட வாங்க” என்றார்.

மைக்கை விடுவதற்கு மைதீனின் விரல்கள் வரவில்லை. எஸ்.ஐ.தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

மறுநாள் பேப்பரில் பெயர் வந்தது. சபுரா பயந்தபடியேதான் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் விஷ ஸ்பிரிட் பதுக்கிய உறையூர் வியாபாரி கைது. பதுக்கிய என்ற வார்த்தையை மத்தியச் சிறையில் ஒரு வார்டன் அவருக்கு வாசித்துக் காட்டினார். அம்மாசியையும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். அவன் சிறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, “சாமிக்குத்தான் செஞ்சேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

மைதீனின் பயம் சிறையில் வேறு உருவம் எடுத்தது. குண்டர் சட்டத்தில் போட்டால் ஒரு வருடத்துக்கு ஜாமீன் கிடையாது என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள். கள்ளச்சாராயக் கேசு என்றால் கட்டாயம் போடுவார்கள் என்றார்கள். யாராவது காகிதத்தோடு வராந்தாவில் நடந்து வந்தால் அவர் எழுந்து நின்றுவிடுவார். காகிதம் வேறு யாருக்கோ போகும். திரும்ப உட்காரும்போது முதுகெல்லாம் நனைந்திருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அஜித் செத்துவிட்டான் என்று யாரும் வந்து சொல்லிவிடக் கூடாதே என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டார். அவனுக்காகக் கேட்கிறோமா, தனக்காகக் கேட்கிறோமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெங்கட்ராகவன் மனு மேல் மனு போட்டார். பார்க்க வந்தபோது திட்டித் தீர்த்தார்.

“யார்ட்டயும் வாயைத் திறக்காதீங்கோன்னேன். நீங்க என்னடான்னா ஊருக்கே மைக் போட்டுச் சொல்லிருக்கேள்! நாற்பது வருஷ பிராக்டீஸ்ல இப்படி ஒரு வாக்குமூலத்தை நான் பார்த்ததில்லை.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பையன் பொழச்சுண்டுட்டான். டயாலிசிஸ் பண்ணிருக்கா. இன்னும் ரெண்டு மணி நேரம் லேட்டாயிருந்தா இல்லைன்னு டாக்டர் சொன்னாராம். மத்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை.”

“கண்ணு?”

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதங்களை எடுத்து அடுக்கினார்.

குண்டர் சட்டம் வரவில்லை. ஜாமீன் வந்தது. வெளியே வந்த மைதீன் முதலில் போனது வீட்டுக்கு இல்லை, பெரியாஸ்பத்திரிக்கு. சபுரா கூடவே வந்தாள். அவரைத் தனியே விட அவளுக்குப் பயமாக இருந்தது. வார்டில் அஜித் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஜன்னல் இருக்கும் பக்கம் வெளிச்சமாகத் தெரிகிறது, ஆள் வந்தால் நிழலாகத் தெரிகிறது, அதற்குமேல் இல்லை என்று நர்ஸ் சொன்னார்.

வள்ளிக்கண்ணு மைதீனை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை.

“நீங்க கத்தலன்னா எம்புள்ள செத்திருப்பான்” என்றாள். “நீங்க அந்தச் சனியன வாங்கி வைக்கலன்னா எம்புள்ளைக்குக் கண்ணு இருந்திருக்கும். ரெண்டுமே நெசம். இந்த ரெண்டையும் வச்சிக்கிட்டு ஒங்கள நான் என்னன்னு பாக்குறது, சொல்லுங்க.”

சபுராதான் அவளுடைய கையைப் பிடித்தாள். வள்ளிக்கண்ணு கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு மைதீனின் வாழ்க்கை சுருங்கிப்போயிற்று. லைசென்ஸ் கேட்டு மறுபடி மனு கொடுக்க அவர் போகவில்லை, கேட்டாலும் கிடைத்திருக்காது. பட்டறையைக் காலி செய்தார். தண்ணீரில் கரைகிற புதுவகைப் பாலிஷ் வந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு கூப்பிட்ட வீட்டுக்குப் போய் வேலை செய்தார். ஸ்ரீரங்கத்தில் சில வீடுகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. வெங்கட்ராகவன் வீட்டு ஊஞ்சலை மட்டும் பாதியில் விட்ட இடத்திலிருந்து முடித்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டில் ஆறு மாதம் பேசவில்லை, பிறகு பேசினார்கள். அம்மாசி திருச்சிப் பக்கமே வரவில்லை. ஊரிலேயே நூறு நாள் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

இரண்டாவது வருடம் கேஸ் விசாரணைக்கு வந்தது. விஷம் கொடுத்துக் கண் போகக் காரணமாக இருந்தது என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. அதில் தண்டனை என்றால் மைதீன் வெளியே வருவதற்குள் கிழவராகிவிடுவார். முக்கியச் சாட்சி அஜித். அவன் என்ன சொல்வான் என்று வெங்கட்ராகவனுக்கே தெரியவில்லை. “அம்மாசி குடுத்தான், பாய் குடுத்தனுப்பினார்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொன்னா அந்தப் பையனுக்கு நஷ்டஈடு கேக்க வழி பிறக்கும். சொல்லாம இருக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கு?” என்றார்.

அன்று கோர்ட்டில் மைதீன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வள்ளிக்கண்ணு மகனை நடத்திக்கொண்டு வந்து எதிரே ஏற்றிவிட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். மெலிந்திருந்தான்.

“உங்களுக்கு அந்த ஸ்பிரிட்டக் குடுத்தது யாரு?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

அஜித் கூண்டின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டான்.

“யாரும் குடுக்கலங்க” என்றான். “நான்தான் எடுத்தேன். அம்மாசி மாமா வெசம்னு சொன்னாரு. நாங்க நம்பல. அவரு போனதுக்கப்புறம் போயி எடுத்துட்டு வந்தோம்.”

“யாராவது இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?”

“எங்கம்மா சொல்லுச்சு.” கோர்ட்டில் சலசலப்பு. அஜித் அம்மா நிற்கிற பக்கம் தோராயமாகத் திரும்பினான். “நடந்தத மட்டும் சொல்லுன்னுச்சு.”

தீர்ப்பு வந்தபோது பெரிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. அம்மாசியை விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தது நின்றது. அபராதம், அதோடு ஏற்கெனவே சிறையில் கழித்த நாட்களே தண்டனை. மைதீன் நீதிபதி சொன்னதை முழுவதும் கேட்கவில்லை. “முடிஞ்சுதா சார்? இன்னொரு தடவ கூப்பிடுவாங்களா?” என்று வெங்கட்ராகவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். “முடிஞ்சுதுய்யா, போங்கோ” என்று அவர் முதுகில் தட்டிய பிறகும் நம்பவில்லை.

வெளியே வந்தபோது பஸ் ஸ்டாப்பில் வள்ளிக்கண்ணுவும் அஜித்தும் நின்றிருந்தார்கள். நல்ல வெயில். மைதீன் ரோட்டைக் கடந்து போய்த் தள்ளியே நின்றார்.

“ஆட்டோ வச்சுத் தர்றேம்மா. வெயிலா இருக்கு” என்றார்.

“வேணாங்க” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. “இப்ப நம்ம பஸ்ஸு வந்துரும்.”

அவர் போகவும் இல்லை, கிட்டே போகவும் இல்லை. அவளும் போகச் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தது. படி எங்கே இருக்கிறது என்று மகனின் காலைத் தன் காலால் தொட்டுக் காட்டி, அவனை முதலில் ஏற்றிவிட்டு, அவள் பின்னால் ஏறினாள்.